முந்நூறு அரிசி

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கோபப்படுவதைவிட அது நல்லது. மொன்றியலுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியும் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் சுவரோரம் ஒதுங்குவேன். கோடையில் ஆற்றங்கரையில் வாணவேடிக்கை விடும் நாட்களில் குளியலறைக்குள் புகுந்து, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் குந்தியிருப்பேன். மனைவி கதவைத் தட்டி, "இஞ்சேருங்கோ, முடிஞ்சுது. வெளியில வாங்கோ" என்பாள். அப்படிப்பட்ட ஒருவன் ஒரு கிலோமீற்றர் தூரத்துக்குச் சுடுகிற பெரிய ரைபிளுக்குச் சன்னம் தெரிவு செய்யப் போன கதை இது. போனதற்குக் காரணமும் பயம்தான்.

சென்-லோறனில் ஒரு கடைசல் தொழிற்சாலையில் எனக்கு வேலை. உலோகத் துண்டுகளைக் கடைந்து, மைக்ரோமீற்றரால் அளந்து, பெட்டியில் அடுக்குவது. எங்கள் பகுதியின் மேற்பார்வையாளர் ஒரு கியூபெக் பெண்மணி. என்னைவிட நான்கு வயது இளையவர், சிரித்துக்கொண்டே வேலை வாங்குவார். அந்த வருடம் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று ஒரு கதை உலாவியது. ஒரு நாள் அவர் என் பின்னால் வந்து நின்று, நான் அளப்பதைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "உங்கள் கை நடுங்குவதே இல்லை" என்றார். அவர் வந்து நின்றதில் என் முழங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. நல்லவேளை, மேசை மறைத்துவிட்டது. "சனிக்கிழமை லொங்குய்யில் என் வீட்டுக்கு வருவீர்களா? நிறுத்துப் பிரிக்கிற வேலை கொஞ்சம் இருக்கிறது" என்றார். என்ன நிறுப்பது என்று நான் கேட்கவில்லை. மறுத்தால் வீட்டுக்கு அனுப்பும் பட்டியலில் முதல் ஆளாகிவிடுவேன் என்று நினைத்து, "உய், உய், மெர்சி" என்று பிரெஞ்சில் சம்மதித்து நன்றியும் சொன்னேன்.

மஞ்சள் வழி மெற்றோவில் போய் இறங்கினேன். வீட்டின் நிலக்கீழ் அறையில் துப்புரவான ஒரு மேசை, அதன்மேல் மின் தராசு, பக்கத்தில் இரண்டு அட்டைப் பெட்டிகள். மேற்பார்வையாளர் ஒரு பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சன்னம்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துப்பாக்கிக் குண்டில் மருந்து, கோது, முனை என்று பல பாகம் உண்டு. சுட்டவுடன் கோது சுட்டவனின் காலடியில் விழுந்துவிடும். பறந்து வருகிற முனைதான் சன்னம். கூரையில், கதவில், ஆட்களில் ஏறுவது அதுதான். ஊரில் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்து நான் கத்தியால் தோண்டி எடுத்த சன்னங்கள் எல்லாம் நசுங்கியும் வளைந்தும் இருந்தவை. ஒருபோதும் பாவிக்காத, பளபளவென்று செம்பு நிறத்தில், என் சின்ன விரலில் முக்கால் நீளம் வரும் ஒன்றை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன். அழகாக இருந்தது. அது அழகாக இருந்ததே எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது. உள்ளங்கை வியர்த்து, அது வழுக்கிக் கீழே விழுந்தது. நான் மேசைக்கடியில் குனிந்துவிட்டேன். வெடிக்காது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் குனிந்தேன். மேற்பார்வையாளர் அதைத் தேடத்தான் குனிந்தேன் என்று நினைத்துக்கொண்டார்.

அவருடைய பிரச்சினை எளிமையானது. செப்டெம்பரில் ஆயிரம் மீற்றர்ப் போட்டி ஒன்று இருந்தது. அவருடைய ரைபிளுக்கு இரண்டு எடையில் சன்னம் கிடைக்கும். ஒன்று இருநூற்றைம்பது கிரெயின், மற்றது முந்நூறு. கிரெயின் என்றால் தானியம். ஒரு தானிய மணியின் எடையை அந்தக் காலத்தில் அளவாக வைத்திருக்கிறார்கள். நான் அதை மனதுக்குள் பவுணாக மாற்றிக்கொண்டேன். சின்னது இரண்டு பவுண், பெரியது கிட்டத்தட்ட இரண்டரைப் பவுண். ஒரு கலியாணத்துக்குப் போடுகிற சங்கிலி அளவு.

பாரம் குறைந்தது குழலை விட்டு வேகமாகப் போகும், தோளில் உதைப்பது குறைவு. ஆனால் தூரம் போகப் போகக் காற்று அதை இழுத்துக்கொண்டு போய்விடும். பாரம் கூடியது மெதுவாகத்தான் புறப்படும், தோளை முறிப்பதுபோல உதைக்கும். ஆனால் அது நீளமானது, கிடைத்த வேகத்தை இலேசில் கைவிடாது, பக்கக் காற்றுக்கு அசைவதும் குறைவு. எல்லாக் குழலும் அதை ஏற்காது. உள்ளே இருக்கும் முறுக்கு வரிகள் அந்த நீளத்தைச் சுழற்றப் போதாவிட்டால் தூரத்தில் தள்ளாடத் தொடங்கிவிடும். எதைத் தெரிவு செய்வது? என்னுடைய வேலை, பெட்டியில் ஒரே எடை என்று எழுதியிருப்பவற்றைத் தராசில் வைத்து, கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூடப் பார்த்துப் பிரிப்பது. இரண்டு மணித்தியாலம் பிரித்தேன். எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பயம் போய்விட்டிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் மெற்றோவில்தான் அதைக் கவனித்தேன்.

அதன் பிறகு அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் போனேன். நகரத்துக்கு வெளியே இரண்டு மணித்தியாலம் ஓடினால் வருகிற சூட்டு மைதானத்துக்கும் போனேன். முதல் நாள் யாரோ ஒருவர் சுட்டதும் நான் புல்லில் குப்புற விழுந்து, தலையைக் கையால் மூடிக்கொண்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து குந்தி, "காரில் இருக்கலாம்" என்றார். காரில் இருந்தேன். அடுத்த முறை வெளியே நின்றேன். அதற்கடுத்த முறை அவருடைய கண்முன்னே, அவருடைய ரைபிளுக்குப் பின்னால் படுத்தேன். எத்தனையோ வருடம் அந்தக் குழலின் மற்றப் பக்கம் இருந்தவன் நான். பின்பக்கம் அமைதியாக இருந்தது. அது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை. "இதுக்குப் பயந்துதானே கடல் கடந்து ஓடி வந்தனாங்கள்? உங்களுக்கென்ன விசரே? கோயில்ல சனம் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?" என்றாள்.

"மீன் பிடிக்கப் போறார் எண்டு சொல்லும்" என்றேன்.

இனித் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட ஒன்பது வயது இளையவன். கணிதம் படித்தவன். இங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தான். சமாதானம் முறிந்துபோன காலம் அது. லொட்ஜுகளில் சோதனை நடக்கும், பெடியன்களை ஏற்றிக்கொண்டு போவார்கள், சிலர் திரும்பி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போகுமுன் ரெலிபோன் அட்டையைச் சுரண்டி அவனுக்கு எடுப்பேன். அறையை விட்டு வெளியே போகவே பயம் என்பான். நாள் முழுக்கச் சும்மா இருந்து மூளை துருப்பிடிக்கிறது என்பான்.

அப்படியொரு ஞாயிறு, அவனை உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து, "தம்பி, உனக்கு ஒரு கணக்கு இருக்கு. இருநூற்றைம்பது கிரெயின் சன்னம் ஒண்டு, முந்நூறு கிரெயின் ஒண்டு..." என்று தொடங்கிவிட்டேன். கனடாவில் சமையலறையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று கதைக்கிறவனுக்கு வாயில் பூட்டு இல்லாமல் போகும். மறுபக்கத்தில் சத்தமே இல்லை. கோடு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு அவன் மிகவும் சாதாரணமான குரலில், "ஓ, அரிசியோ அண்ணை? அரிசி வாங்கப்போறியளோ?" என்றான்.

எனக்குத் தலையில் ஓங்கிக் குட்டியதுபோல இருந்தது. "ஓமோம், அரிசிதான்" என்றேன்.

அவன்தான் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தான். கிரெயின் என்றால் தானியம், தானியம் என்றால் அரிசி. எங்களுடைய ஆட்களுக்கு இது புதிதில்லை. ரெலிபோனில் ஒன்றையும் அதன் பெயரால் சொல்லாமல் கதைத்துப் பழகிய தலைமுறை நாங்கள். இராணுவம் வந்தால் "மாமா ஆக்கள் வந்திருக்கினம்" என்போம், ஒருவர் பிடிபட்டால் "ஆசுப்பத்திரியில" என்போம். அதனால் நான் நிறுத்தியிருக்கவேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. அவனும் நிறுத்தவில்லை. அவனுக்குக் கணக்கு வேண்டியிருந்தது, எனக்கு அவனுடைய சிரிப்பு வேண்டியிருந்தது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் "முந்நூறு அரிசிக்குக் காற்று எவ்வளவு, அறுநூறு மீற்றரில எவ்வளவு, ஆயிரத்தில எவ்வளவு" என்று நான் இலக்கங்களை வாசிப்பேன், அவன் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி, அடுத்த கிழமை விடை சொல்லுவான். "அண்ணை, மொத்த அரிசிதான், அந்த முந்நூறுதான் திறம். ஆயிரம் மீற்றரில ஒரு சாணுக்கு மேல வித்தியாசம் வருது" என்று அவன் சொன்ன நாளில் அவனுடைய குரலில் பழைய துள்ளல் இருந்தது. நான் அன்று பூசையில் மாதாவுக்கு நன்றி சொன்னேன். எவ்வளவு பெரிய மடையன்!

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு லொட்ஜ்காரர் ரெலிபோனை எடுத்தார். "சோதனைக்கு வந்தவை தம்பியை வியாழக்கிழமை பிடிச்சுக்கொண்டு போட்டினம்" என்றார். என்ன காரணம் என்று கேட்டேன். "கொப்பி ஒண்டு எடுத்தவை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் சமையலறை நிலத்தில் இருந்துவிட்டேன். அந்தக் கொப்பியை நான் ஒருபோதும் பார்த்ததில்லை, ஆனாலும் அதன் ஒவ்வொரு பக்கமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. தம்பியின் சின்ன எழுத்து. அரிசி 250, அரிசி 300. கீழே மீற்றர், காற்று, விழுகை. வெறும் சன்னம் என்று எழுதியிருந்தால், கனடாவில் அண்ணன் ஒருவன் விளையாட்டாகச் சுடுகிறான் என்று ஒருவேளை சொல்லித் தப்பியிருக்கலாம். அரிசி என்று எழுதியதுதான் கொடுமை. ஒளிக்க எதுவும் இல்லாத ஒன்றை ஒளித்து வைத்திருந்தோம். அரிசியை யார் மீற்றரில் அளக்கிறான்? எந்த அரிசிக்குக் காற்றுக் கணக்கு? அதைப் பார்க்கிற அதிகாரிக்கு ஒரு நிமிடம் போதும்.

ஒரு சட்டத்தரணியைப் பிடித்தோம். திங்கட்கிழமை காலை, நான் வேலைக்குப் புறப்படும் நேரம், அவர் கொழும்பிலிருந்து எடுத்தார். "தம்பி, உங்கட சகோதரனை இன்னும் பாக்க விடேல்லை. ஆள் உயிரோட இருக்கிறார், அது நிச்சயம். அந்தக் கொப்பியில இருக்கிறது என்ன எண்டு அவையள் கேக்கினம். கனடாவில இருந்து சொல்லித்தான் எழுதினதெண்டு தெரியும். அது என்ன எண்டு நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைச்சு ஃபாக்ஸ் பண்ணுங்கோ. நாளைக்குக் காலமை கந்தோர் திறக்க முதல் எனக்கு வரவேணும்."

"அவன் அங்க என்ன சொல்லியிருக்கிறான்?" என்று கேட்டேன்.

"அது தெரியாதே. அதுதான் சொல்லுறன், கவனமா எழுதுங்கோ. ரெண்டு பேரும் ரெண்டு கதை சொன்னால் பேந்து நான் ஒண்டும் செய்யேலாது."

அந்த ஒரு பகலை நான் எப்படிக் கடத்தினேன் என்று எனக்கே தெரியாது. கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்று இரண்டு துண்டுகளைப் பிழையாகக் கடைந்தேன். அவன் உண்மையைச் சொல்லியிருப்பானா, அரிசி என்று சாதித்திருப்பானா? அரிசி அவன் கண்டுபிடித்த சொல். முதல் நொடியில் அவனுக்கு வாயில் வந்தது அதுதான். அடிவிழும்போதும் அதைத்தானே பிடித்துக்கொண்டிருப்பான்? அதேநேரம் அவன் கணிதம் படித்தவன். அந்த அட்டவணையை அரிசி என்று யாரும் நம்பமாட்டார்கள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நிமிடம் இது, மறுநிமிடம் அது.

மத்தியானம் மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அலுவலக அறைக்குள் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு உடனே இருந்து, பிரெஞ்சில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக ஒரு பக்கம் அடித்துத் தந்தார். இவர் எங்கள் சூட்டுக் கழகத்துக்கு விருந்தாளியாக வருகிறவர், என்னுடைய ரைபிளுக்கு இருநூற்றைம்பது கிரெயினா முந்நூறா என்று பார்க்க உதவியவர், இலக்கங்கள் எல்லாம் என்னுடையவை என்று எழுதி, விலாசமும் போட்டுக் கையெழுத்து வைத்தார். "இது உண்மைதானே. உண்மையை அனுப்புங்கள்" என்றார். உண்மையைச் சொல்லி ஒருபோதும் அடி வாங்காத ஒருவர் அதைச் சொல்லும் விதம் எனக்குப் புரிந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

பின்னேரம் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற டெப்பனர் என்கிற மூலைக்கடையில் ஃபாக்ஸ் இயந்திரத்துக்கு முன்னால் நின்றேன். கையில் இரண்டு தாள். ஒன்று அவர் தந்தது. மற்றது இடைவேளையில் நான் எழுதியது. கனடாவில் அரிசி மொத்த வியாபாரம் தொடங்க யோசித்ததாகவும், இருநூற்றைம்பது, முந்நூறு என்பவை மூட்டைக் கணக்கு என்றும், மீற்றர் என்பது சாக்குத் துணி அளவு என்றும், காற்று என்பது களஞ்சியத்தில் ஈரப்பதம் பார்ப்பதற்கு என்றும் அதில் எழுதியிருந்தேன். வாசிக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்போது ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த நிமிடத்தில் நான் தம்பியை மட்டும் நினைக்கவில்லை. அந்த வருடம்தான் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். பெரிய ரைபிளோடு ஒரு தமிழன், ஆயிரம் மீற்றர், அதற்குச் சாட்சியாக ஒரு கடிதம், அது கொழும்பில் ஒரு அதிகாரியின் மேசையில். அங்கிருந்து அது இங்கே திரும்பி வராது என்று யார் சொன்னது? கதவைத் தட்டுவார்கள், மனைவியைக் கேள்வி கேட்பார்கள், திருப்பி அனுப்புவார்கள். அரிசி என்பது அவன் ஆரம்பித்த சொல்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, என் தாளை இயந்திரத்தில் வைத்தேன். மற்றதை நான்காக மடித்துக் காற்சட்டைப் பையில் போட்டேன். கடைக்காரர், மாலை நல்லபடி போகட்டும் என்று, "பொன் சுவாறே" சொன்னார். நானும் சொன்னேன்.

தம்பி பதினான்கு மாதம் உள்ளே இருந்தான். ஏன் இவ்வளவு காலம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சட்டத்தரணி ஒருமுறை மட்டும், "உங்கட கடிதம் உதவேல்லை" என்றார். மேற்கொண்டு கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நான் சூட்டு மைதானத்துக்குத் திரும்பப் போகவில்லை. மேற்பார்வையாளர் அடிக்கடி தம்பியைப் பற்றி விசாரிப்பார், நான் "வழக்கு நடக்கிறது" என்று மட்டும் சொல்லுவேன். குடியுரிமை அடுத்த வசந்தத்தில் கிடைத்தது. சத்தியப்பிரமாணம் எடுக்கும்போது கையை உயர்த்தியபடி அழுதேன். மகிழ்ச்சியில் அழுகிறேன் என்று பக்கத்தில் நின்றவர் முதுகில் தட்டினார்.

தடுப்பிலிருந்து வெளியே வந்து, இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து, கடைசியில் தம்பி இங்கே வந்து சேர்ந்தான். டோர்வல் விமான நிலையத்தில் நான் கூப்பிட்டதும் அவன் திரும்பவில்லை. இரண்டாவது முறையும் திரும்பவில்லை. கிட்டப் போய்த் தோளைத் தொட்டபோது திடுக்கிட்டு ஒதுங்கி, பிறகு என்னைக் கண்டு சிரித்தான். இடக் காது கேட்காது என்று காரில் சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதையும் பயத்தில்தான் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை மனைவி இடியப்பம் அவித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் மேசையில் இருந்தோம். அவன் மெதுவாகச் சாப்பிட்டான். யன்னலுக்கு வெளியே பனி அள்ளுகிற வண்டி போனது, இருவரும் ஒன்றாகக் கோப்பையைக் கீழே வைத்தோம். பிறகு அவனாகவே சொன்னான். குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கில் எங்கே பிழைத்தது என்று பார்க்கிறவன் கதைப்பதுபோலத்தான் கதைத்தான்.

"நான் முதல் நாளே உண்மையைச் சொல்லிப்போட்டன், அண்ணை. அதை அரிசி எண்டு ஆர் நம்புவான்? அண்ணை கனடாவில போட்டிக்குச் சுடுற ஆரோ ஒராளோட வேலை செய்யிறார், அந்தக் கணக்கு எண்டு சொன்னனான். அவங்களும் கொஞ்சம் நம்பின மாதிரித்தான் இருந்தது. பொறு, உன்ர அண்ணனும் இதைச் சொல்லட்டும், உன்னை வெளியில விடுறம் எண்டவங்கள். பேந்து உங்கட கடிதத்தைக் கொண்டுவந்து வாசிச்சவங்கள்."

நான் இடியப்பத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் உண்மையைத்தான் எழுதுவியள் எண்டு நான் கொஞ்சமும் யோசிக்காமல் நம்பினனான்" என்றான். "நான் அங்க. பயப்பட எனக்குக் காரணம் இருந்தது. நீங்கள் இஞ்ச. இஞ்ச உங்களுக்கு என்ன பயம், அண்ணை?"

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். கேட்டுவிட்டு, பதில் காதில் விழவேண்டும் என்று, வலக் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தான்.